சேர்ந்த வேலை சொன்னபடி இல்லையா? பெங்களூருக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் புதிய வேலையில் சேர்ந்த இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். ஜாவா டெவலப்பர் என்று சொல்லி எடுத்தவரை இரவு ஷிஃப்டில் புகார் டிக்கெட்டுகளை மூடும் சப்போர்ட் ப்ராஜெக்டில் உட்கார வைத்திருப்பார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் அலுவலகம் என்பதால் ஓசூர் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று கணக்குப் போட்டவரை, நகரின் மறுகோடியில் நாகவாராவில் இருக்கும் மான்யதா டெக் பார்க்குக்கு வரச் சொல்வார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நேர்காணல் நடந்திருக்கும். சம்பளச் சீட்டிலோ இதுவரை கேள்விப்படாத ஒரு கன்சல்டன்சியின் பெயர் அச்சாகியிருக்கும்.

ஊரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, பிஜி விடுதிக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது என்ற கூச்சத்தில் பலர் ஆறேழு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் ஆத்திரத்தில் ராஜினாமா கொடுத்து ‘பேப்பர் போடுகிறார்கள்’. சிலர் பேப்பர்கூடப் போடாமல் மடிவாளாவில் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்கு. புரொபேஷன் என்பது நிறுவனம் நம்மை எடைபோடும் காலம் என்றே நாம் பழகிவிட்டோம். உண்மையில் வேலையை விட்டு வெளியேறும் செலவு நமக்கு மிகக் குறைவாக இருப்பதும் அந்தச் சில மாதங்களில்தான். நோட்டீஸ் காலம் குறைவு, பழைய நிறுவனத்தின் கதவு இன்னும் முழுதாக மூடியிருக்காது, கைவிட்ட மற்ற ஆஃபர்களும் ஆறிப்போயிருக்காது. எனவே கீழே சொல்பவற்றை அந்தக் காலத்துக்குள்ளேயே செய்து முடிக்கப் பாருங்கள்.

முதலில் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன், உங்களுக்குச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அது அப்பாயிண்ட்மெண்ட் கடிதத்தில் இருக்கிறதா, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் இருக்கிறதா, வாய்வார்த்தையாக மட்டும் சொல்லப்பட்டதா, அல்லது யாரும் சொல்லாமல் நீங்களே நினைத்துக்கொண்டதா என்று பிரித்து எழுதுங்கள். கடைசி வகையை ஒப்புக்கொள்ள மனம் வராது. “ஆன்சைட் (வெளிநாட்டுப் பணி) வாய்ப்பு உண்டு” என்று எச்.ஆர். சொன்னதை “ஆன்சைட் அனுப்புவார்கள்” என்று கேட்டுக்கொண்டிருப்போம். அதை ஏமாற்று என்று எழுதினால், உண்மையாகவே ஏமாற்றப்பட்ட மற்ற விஷயங்களும் வலுவிழக்கும்.

கடிதத்தைப் படிக்கும்போது இரண்டு விதிகளைக் குறிப்பாகத் தேடுங்கள். நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்த ஊருக்கும், எந்த ப்ராஜெக்டுக்கும், எந்த ஷிஃப்டுக்கும் உங்களை மாற்றலாம் என்பது ஒன்று. இந்தக் கடிதத்துக்கு முன்பு பேசியவை, எழுதியவை எவையும் இனிச் செல்லாது, கடிதத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம் என்பது மற்றொன்று. ஐ.டி. துறையின் கடிதங்களில் இவை இரண்டும் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், ப்ராஜெக்ட், ஷிஃப்ட், இடம் ஆகியவை குறித்து நீங்கள் கேட்பது கோரிக்கையாகத்தான் இருக்க முடியும். சம்பளம், பதவியின் பெயர், நோட்டீஸ் நாட்கள், ஜாயினிங் போனஸ் ஆகியவை குறித்துக் கேட்பது உரிமை. இந்த வேறுபாடு தெரியாமல் எச்.ஆர். அறைக்குள் போகிறவர், உரிமையைக் கெஞ்சிக் கேட்டுவிட்டு, கோரிக்கைக்காகச் சண்டை போட்டுவிட்டு வருவார்.

கையில் ஆஃபர் லெட்டர் மட்டும் இருந்து அப்பாயிண்ட்மெண்ட் கடிதம் இன்னும் வரவில்லையென்றால் அதை உடனே எழுத்தில் கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் ஏற்கெனவே பணி நியமன ஆணையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் எல்லாப் பணியாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன.

வேலை விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஆள் கிடைத்ததும் அந்தப் பக்கம் காணாமல் போகும். ரெக்ரூட்டரின் மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் உரையாடல், சம்பளச் சீட்டு ஆகியவற்றை உங்கள் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். ஆனால் ஆதாரம் திரட்டுகிறேன் என்று கிளையண்ட் ஆவணங்களையோ சோர்ஸ் கோடையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்த ஒரு மெயிலோடு அவர்கள் பக்கம் போய்விடும்.

சம்பளம் குறைந்திருக்கிறதா, கணக்குதான் புரியவில்லையா

முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பவர்களில் பலர் சிடிசியால், அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவின் கணக்கால், குழம்பியவர்கள். ஆண்டுக்கு 9 லட்சம் சிடிசி என்றால் மாதம் 75,000 என்று வகுத்துப் பார்த்திருப்பார்கள். அந்த 9 லட்சத்துக்குள் வேரியபிள் பே 90,000 இருக்கலாம். அது ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பொறுத்து வரும் அல்லது வராது. 15,000 ரூபாய் உச்சவரம்பின்மீது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிடும் நிறுவனமானால், முதலாளியின் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 4.5 லட்சம் என்றால் கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக்கு 4.81 சதவீதமாக 21,645 ரூபாய் எழுதியிருப்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கழித்தால் மீதம் 7,54,755, மாதத்துக்கு 62,896. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 போக, கையில் வருவது சுமார் 60,900 ரூபாய். பதினான்காயிரம் ரூபாய் காணாமல் போனது போலத் தெரிந்தாலும், கடிதத்தின் கடைசிப் பக்கத்துச் சம்பள அட்டவணையில் இவை எல்லாம் அச்சாகியிருந்தால் அங்கே வழக்கு எதுவும் இல்லை. அட்டவணையில் 62,896 என்று எழுதிவிட்டுச் சீட்டில் 55,000 காட்டினால், அல்லது ‘ஃபிக்ஸட்’ என்று பேசியதை வேரியபிளில் சேர்த்திருந்தால், அது வேறு கதை. எந்தத் தாமதமும் இன்றி எழுத்தில் கேட்க வேண்டியது அது.

சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பது ஒன்று, அதைக் கட்டுவது ஒன்று. பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் உங்கள் யுஏஎன் என்னும் பி.எஃப். கணக்கு எண்ணைக் கொண்டு பாஸ்புக்கைப் பாருங்கள். அங்கேயே நிறுவனத்தின் பெயரைத் தேடினால், ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்காக, எந்தத் தேதியில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஐந்நூறு பேர் வேலை பார்ப்பதாகச் சொன்ன நிறுவனம் முப்பது பேருக்குப் பணம் கட்டியிருந்தால், மற்றவர்கள் யாருடைய பேரோலில் (சம்பளப் பட்டியலில்) இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியதாகிறது. பிடித்த வருமான வரியைக் கட்டியிருக்கிறார்களா என்பதை வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரிலான வரி விவரத்தில் பார்க்கலாம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நிரம்பும் என்பதால் முதல் மாதமே வெறுமையாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

பேசுவதும் அதை எழுத்தாக்குவதும்

முதலில் எச்.ஆரிடம் போகாமல் உங்கள் மேனேஜரிடம் போங்கள். ரெக்ரூட்டர் என்ன சொல்லி உங்களை எடுத்தார் என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆள் எடுக்கும் பிரிவுக்கு இடத்தை நிரப்புவது ஒன்றே இலக்கு, ப்ராஜெக்டுக்கு ஆள் ஒதுக்கும் பிரிவு வேறொன்று. மேனேஜரும் தமிழராக இருந்துவிட்டால் சிலருக்கு வேறு சிக்கல் வருகிறது. “தம்பி, நம்ம ஆளு நீங்க, கொஞ்சம் பொறுங்க, நான் பார்த்துக்கறேன்” என்று அவர் சொன்னதும், அண்ணன் சொல்லிவிட்டாரே என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த குவார்ட்டரில் அவரே வேறு கணக்குக்கு மாறிப் போனால் அந்த வார்த்தைக்கு வாரிசு கிடையாது. எவ்வளவு நெருக்கமாகப் பேசினாலும் அன்று மாலைக்குள் ஒரு மெயில் போட்டுவிட வேண்டும்.

அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். அதன் உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

“இன்று நேரில் பேசியதற்கு நன்றி. பிப்ரவரி 10ஆம் தேதி ரெக்ரூட்டர் அனுப்பிய மின்னஞ்சலில் எனது பணி ஜாவா பேக்எண்ட் டெவலப்மெண்ட் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அதை இத்துடன் இணைத்துள்ளேன். மார்ச் 3 முதல் நான் எல்1 (முதல்நிலை) சப்போர்ட் பணியில், இரவு ஷிஃப்டில் இருக்கிறேன். இந்த ஒதுக்கீடு தற்காலிகமானதா, தற்காலிகமானதெனில் எந்தத் தேதி வரை என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். டெவலப்மெண்ட் பணிக்கு மாறும் வாய்ப்பு ஏப்ரல் 15க்குள் உள்ளதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.”

இதில் ஏமாற்று, மோசடி, மன உளைச்சல் போன்ற சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன சொன்னார்கள், என்ன நடக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும் என்ற மூன்றுக்கு மேல் அந்த மெயிலில் இடமில்லை. வாடகை, அம்மாவின் உடல்நிலை, நண்பனின் நிறுவனத்தில் தரும் சம்பளம் ஆகியவற்றை எழுதினால் படிப்பவர் பதில் சொல்ல எளிதான வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்.

வரும் பதிலில் தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “பார்க்கலாம்”, “பைப்லைனில் இருக்கிறது”, “அப்ரைசலில் சரிசெய்துவிடலாம்” என்பவை மறுப்பின் மரியாதையான வடிவங்கள். “மே முதல் வாரம் இன்ன டீமில் ஒரு இடம் காலியாகிறது, நேர்காணல் வைத்துப் பார்க்கிறோம்” என்பது பதில். பத்து நாளாகியும் பதிலே வரவில்லையென்றால் அதே மெயிலின்மீது எச்.ஆரையும் சேர்த்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கு மேல் மூன்றாவது மெயில் தேவைப்படாது, உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

இருப்பதா, போவதா

இதில் எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லையென்றாலும், ஏமாற்றத்தின் வகையைப் பொறுத்து எனக்கு ஒரு கருத்து உண்டு. சம்பளத்திலோ, யாருடைய பேரோல் என்பதிலோ பொய் சொன்ன இடத்தில் நீடிப்பதில் பயனில்லை, ஏனெனில் அது தவறுதலாக நடப்பதில்லை. வேலையின் தன்மை மாறியிருந்தால் ஒரு தேதியை மனதில் குறித்துக்கொண்டு அதுவரை பார்க்கலாம். சப்போர்ட்டிலிருந்து டெவலப்மெண்டுக்கு மாறியவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். ஆனால் உள்ளுக்குள் வேறு டீமுக்கு மாற, சேர்ந்து ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ முடிந்திருக்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காத்திருப்பது வீண். இடம் மாறியிருந்தால் காலை எட்டரை மணிக்கு ஒரு வாரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிய 2025 ஆகஸ்டுக்குப் பிறகு ஓசூர் சாலையில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைப் பஸ்ஸில் கடக்க வேண்டியவர்களுக்கு மாறவில்லை. இந்த முடிவு தெளிவாகும்வரை பிஜியிலேயே இருங்கள். பதினொரு மாத ஒப்பந்தமும், பல மாத வாடகைக்குச் சமமான அட்வான்ஸும், அதில் இடையில் காலி செய்ய முடியாத லாக்இன் காலமும் சேர்ந்துவிட்டால், வேலையை விட முடியாதபடி வீடு பிடித்துக்கொள்ளும்.

போவதென்று தீர்மானித்தால் பேப்பர் போடுமுன் பழைய மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் இடம் இன்னும் நிரம்பாமல் இருக்கலாம், திரும்ப எடுப்பது அவர்களுக்கும் புதிய ஆள் தேடுவதைவிட எளிது. அதேபோல் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். இதில் மானக்குறைவு எதுவும் இல்லை. ஊரில் மாமாவுக்கு விளக்கம் சொல்வதைவிட இது எளிது.

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவதாகப் பாண்ட் போட்டுக் கொடுத்திருந்தால் அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் “பாண்ட் எதுவும் கோர்ட்டில் நிற்காது” என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். உங்களை ஒரு முதலாளியிடமே வேலை செய்யும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது என்பது சரி. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதி 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்பதும் சரி. ஆனால் பணியில் இருக்கும் காலத்துக்கான பாண்ட் வேறு. மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த நிபந்தனையை 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறையின் ஆளெடுப்புச் செலவை முன்னிட்டுச் சொல்லப்பட்டது. தனியார் நிறுவனம் பயிற்சி எதுவும் தராமல் ஐந்து லட்சம் கேட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்று வாதிட இடம் உண்டு. தொகை பெரிதென்றால் கடிதத்தோடு ஒரு வழக்கறிஞரை ஒருமுறை பார்ப்பது, கொடுக்கும் கட்டணத்துக்குப் பழுதில்லாத செலவு. பொய்யான வாக்குறுதியால் பெற்ற சம்மதத்தை ரத்துசெய்யவும் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் வழியுண்டு; நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால்தான் முன்பு சொன்ன ஸ்க்ரீன்ஷாட்டுகள்.

ஜாயினிங் போனஸை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். அங்கே ஒரு சிறு பொறி: ஒரு லட்சம் போனஸில் வரி பிடித்துவிட்டு உங்கள் கையில் எழுபதாயிரம் கொடுத்திருப்பார்கள், திருப்பிக் கேட்கும்போது முழு ஒரு லட்சத்தையும் கேட்பார்கள். அதே நிதியாண்டுக்குள் என்றால், மீட்ட தொகையை வருமானத்திலிருந்து குறைத்து ஆண்டு வரிச் சான்றிதழைத் தருமாறு கேளுங்கள்.

வெளியேறும்போது

நோட்டீஸ் எத்தனை நாள் என்பது புரொபேஷனுக்குத் தனியாகவும் நிரந்தரமான பிறகு தனியாகவும் எழுதப்பட்டிருக்கும். முதலாவது 15 அல்லது 30 நாளாகவும் இரண்டாவது 60 அல்லது 90 நாளாகவும் இருப்பது வழக்கம். பணியை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் கடிதம் வரும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ராஜினாமாக் கடிதத்தில் காரணத்தை ஒரே வரியில் முடித்து, கடைசி வேலை நாளைத் தெளிவாக எழுதுங்கள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். சேரும்போதே அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் முதலில் அவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; இனி எங்கும் அசலைக் காட்டி நகலைத்தான் கொடுக்க வேண்டும்.

சொல்லாமல் நின்றுவிடுவது ஏன் கூடாதென்றால், பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். பதிவு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மாத வேலைதானே என்று ரெஸ்யூமில் மறைப்பவர்கள் மாட்டுவதும் அங்கேதான். முறையாக விலகியும் நிறுவனம் பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே அதைப் பதியலாம். நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர்கள், முந்தைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தராவிட்டால் ஜூலையில் மொத்தமாக வரி கட்ட நேரும்.

கடைசிச் சம்பளக் கணக்கை முடிக்க நாற்பத்தைந்து நாளாகும் என்று சொல்வது பழைய பழக்கம். முன்பு சொன்ன தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். இந்த வரியை மேற்கோள் காட்டி ஒரு மெயில் போட்டாலே பல இடங்களில் வேலை நடக்கும். நடக்காவிட்டால் பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில் தொழிலாளர் துறையை அணுகலாம். மனுவை ஆங்கிலத்தில் எழுதலாம் என்றாலும், கன்னடம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் அரை நாள் மிச்சமாகும். பதவியின் பெயரில் மேனேஜர் என்று இருப்பதால் மட்டும் அங்கே கதவு அடைபட்டுவிடாது. நீங்கள் உண்மையில் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். 2017இல் தொடங்கிய கேஐடியு என்னும் கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் இப்படிப்பட்ட புகார்களைக் கையாண்டு பழகியது. தனியாக அலைய வேண்டாம் என்று நினைப்பவர்கள் அவர்களிடம் பேசலாம்.

வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கியிருந்தார்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம். பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அன்றே அழைக்க வேண்டும்.

அடுத்த நேர்காணலில் ஏன் இவ்வளவு சீக்கிரம் விலகினீர்கள் என்று கேட்பார்கள். “பேக்எண்ட் டெவலப்பராக எடுத்தார்கள், சப்போர்ட்டில் போட்டார்கள், எழுத்தில் கேட்டேன், மாற்ற இயலாது என்றார்கள், நோட்டீஸ் கொடுத்து முறையாக வெளியேறினேன்” என்று சொன்னால் போதும். பழைய நிறுவனத்தைத் திட்டி அடுத்த வரியைத் தொடங்க வேண்டாம். பிறகு உங்கள் முறை வரும்போது, இந்த இடம் ஏன் காலியானது, முதல் மூன்று மாதம் எந்த ப்ராஜெக்டில் இருப்பேன், யாருடைய பேரோல், எந்த அலுவலகம், எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள். அவர்கள் வாய்மொழியாகச் சொன்ன பதில்களைத் தொகுத்து, “நான் புரிந்துகொண்டது சரிதானா” என்று ஒரு மெயில் அனுப்பி, அதற்கு “சரி” என்று பதில் வந்த பிறகு இங்கே பேப்பர் போடுங்கள்.